சாரல் காலத்தில் உரக்க வாசிக்க ஏற்ற வரலாற்று நாவல்கள் எவை?

செங்கோட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல், ஆவணி வரை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். எண்பது வயதைக் கடந்த என் தந்தையார், இந்த மாதங்களைத் திண்ணையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தோடு கழிப்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தவர். விழித்திரைக் கோளாற்றினால் சென்ற ஆண்டு முதல் அவரால் அச்செழுத்தைப் படிக்க இயலவில்லை. ஆகவே இந்த ஆண்டு நாள்தோறும் விளக்கேற்றிய பிறகு ஒரு மணி நேரம் நான் உரக்க வாசிப்பது, அவர் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன்பே பள்ளியில் சேர்ந்தவர் ஆகையால், அவருக்கு மலையாளமும் நன்றாக வரும். கல்கியையும் சாண்டில்யனையும் பலமுறை படித்துவிட்டார். "சோழனையும் பல்லவனையும் நிறையப் பார்த்தாயிற்று; நம் பக்கத்துக் கதை இருந்தால் வாசி" என்கிறார். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள மண்ணைப் பற்றிய நாவல்களை, அதுவும் காதால் கேட்பதற்கு ஏற்றவற்றை, பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தக்கலை வாசகர்:

உங்கள் தந்தையார் கேட்பதற்கு நேராகப் பொருந்துவது சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா'. மலையாளத்தில் 1891-இல் வெளிவந்த இந்த நாவலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. நாங்கள் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் பத்மநாபபுரமும் சாரோடும்தான் கதையின் முக்கியமான களங்கள் என்பதால், எனக்கு இதன்மீது தனிப்பட்ட பாசமும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசிக்கத் தொடங்கும் முன் மருமக்கத்தாயம் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வது நல்லது. திருவிதாங்கூரில் அரசுரிமை மன்னரின் மகனுக்குப் போவதில்லை, சகோதரியின் மகனுக்கே போகும். அந்த முறைப்படி இளவரசராக இருக்கும் மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிராக, நோயுற்ற மன்னர் ராம வர்மாவின் புதல்வர்களாகிய தம்பிமார் உரிமை கோருகிறார்கள். எட்டுவீட்டில் பிள்ளைமார் எனப்படும் செல்வாக்குமிக்க எட்டு நாயர் குடும்பத் தலைவர்கள் அவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். இந்த முடிச்சு மனத்தில் பதியாவிட்டால், மகன் இருக்க மருமகன் ஏன் முடிசூட வேண்டும் என்ற ஐயத்திலேயே முதல் சில அத்தியாயங்கள் கைநழுவிப் போய்விடும். உங்கள் தந்தையாருக்கு இது தெரிந்திருக்கும். வீட்டில் உடனிருந்து கேட்கும் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

கதை பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு கிடக்கும் ஓர் இளைஞனோடு தொடங்குகிறது. பின்னால் மாறுவேடங்கள் பல வரும். அவை யாருடையவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். எனக்கு இந்த நாவலின் உயிர் இளவரசரல்ல, சுபத்திரை என்ற பெண் பாத்திரம்தான். வரலாற்றின் நோக்கில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வென்றவர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது ஆகையால், பிள்ளைமாரின் நியாயம் என்று ஒன்று இருந்திருக்கக்கூடும் என்பதற்கு இதில் அதிகம் இடமில்லை. வாசித்து முடித்த பிறகு உங்கள் தந்தையாரோடு அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

இன்னும் முற்பட்ட காலம் வேண்டுமென்றால் நா. பார்த்தசாரதியின் 'பாண்டிமாதேவி' இருக்கிறது. பராந்தக சோழனிடம் நாட்டை இழந்த மூன்றாம் இராசசிம்ம பாண்டியனையும், சேரர் குடியில் பிறந்த அவன் தாய் வானவன் மாதேவியையும் பற்றிய கதை; நாஞ்சில் நாட்டில் நிகழ்கிறது. இடையாற்றுமங்கலம் நம்பி என்ற மகாமண்டலேசுவரர் பாத்திரத்திற்காகவே படிக்கலாம். இடையிடையே வரும் நீண்ட சிந்தனைப் பகுதிகளை உரக்க வாசிக்கும்போது சற்றுச் சுருக்கிக்கொண்டால் தவறில்லை.

கொல்லங்கோடு வாசகர்:

தக்கலை அண்ணாச்சியின் தேர்வை மதிக்கிறேன். ஆனால் சகோதரி கேட்டது காதால் கேட்கும் நாவல். பாலக்காட்டுப் பக்கம் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், வீடுதோறும் மாலையில் விளக்கின்முன் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை நாளுக்குச் சிறிது சிறிதாக வாசித்து மாத முடிவில் நிறைவு செய்வார்கள். வெளியே மழை கொட்ட, உள்ளே ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன் நான். ஓட்டின்மீது மழை விழும் ஓசையை மீறிக் குரல் கேட்க வேண்டுமானால் வாக்கியம் பேச்சின் மூச்சுக்கு இசைய வேண்டும் என்பது அந்த அனுபவத்தில் கற்றது. சி. வி. ராமன் பிள்ளையின் நடை வடமொழிச் சொற்கள் செறிந்தது. மொழிபெயர்ப்பிலும் அந்தக் கனம் முழுமையாகக் குறையாது.

ஆகவே முதலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' வாசியுங்கள். 1976-இல் வந்த சிறிய நாவல். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இதன் எல்லை கேரள எல்லையல்ல என்பது உண்மை. ஆந்திர தேசத்தில் ஆட்சியாளர் ஒருவர் தங்கள் பெண்ணை விரும்பியதற்கு அஞ்சி, இரவோடிரவாகக் கிளம்பித் தெற்கே வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய தெலுங்குக் குடும்பங்களின் கதை. அதை நூறு வயதைத் தாண்டிய பாட்டி மங்கத்தாயாரு தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதாக அமைத்திருக்கிறார். ஓடி வந்தவர்களுக்கு மரம் வளைந்து வழிவிட்ட நிகழ்ச்சியைப் பாட்டி சொல்லும் இடத்தில், நீங்கள் வாசிப்பதாகவே தோன்றாது. கதை சொல்வதாகத் தோன்றும். எல்லை தாண்டி வந்தவர்கள் ஒரு மண்ணை எப்படித் தம்முடையதாக்கிக்கொள்கிறார்கள் என்பது, ஒரே ஊரில் இருந்தபடியே மாநிலம் மாறக் கண்ட உங்கள் தந்தையாருக்கு வேறொரு வகையில் புரியும் என்று நம்புகிறேன்.

நாகர்கோவில் வாசகி:

அரசர்கள் இல்லாத வரலாறும் வரலாறுதான் என்பதால் இரண்டு பெயர்களைச் சேர்க்கிறேன். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்', இரணியல் செட்டியார் குடும்பத்தின் கதை. அந்த வட்டார வழக்கைச் செங்கோட்டைக்காரர் ஒருவர் வாய்விட்டு வாசித்தால் தமிழும் மலையாளமும் உரசிக்கொள்ளும் ஓசை தெளிவாகக் கேட்கும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை', 1966-இல் வெளிவந்தது; திருவிதாங்கூர்க் காலத்திலிருந்து சுதந்திரத்திற்குப் பிந்திய தேர்தல் அரசியல் வரை ஓர் ஊர் மாறுவதை ஒரு மரத்தடியில் நிறுத்திக் காட்டுகிறது. அதில் தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதிகளை உரக்க வாசிக்க ஏற்றவை என்று தயங்காமல் சொல்வேன்.

செங்கோட்டை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை நேற்று மாலை தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் 'கோபல்ல கிராமம்', அடுத்து 'ஒரு புளியமரத்தின் கதை', ஆடி முழுவதும் 'மார்த்தாண்ட வர்மா' என்று அவரே வரிசைப்படுத்திவிட்டார். கடைசியாகச் சொன்ன நாவலை மட்டும் மொழிபெயர்ப்பில் கேட்க அவருக்கு விருப்பமில்லை. மலையாள மூலத்தையே வாங்கி வரச் சொல்கிறார். எனக்கு மலையாளம் பேசவும் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் மட்டுமே தெரியும் என்றேன். "நீ எழுத்துக்கூட்டு, நான் பொருள் சொல்கிறேன்" என்றார். புனலூரில் இருக்கும் அத்தையிடம் பிரதி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் நான் வேகமாகப் படித்துப் பழக வேண்டும்.