கிறிஸ்துமஸ், பிறந்தநாள் பரிசுக்கு வீட்டில் பட்ஜெட் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நாகர்கோவில் மருமகள்:
மொத்தம் 4,000 ரூபாய், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200 என்று நானும் அவரும் பேசி வைத்திருந்தோம். ஆராதனை முடிந்து மாமியார் வீட்டில் பார்சல் பிரிக்கிறார்கள். நாத்தனார் பையன் கலர் பென்சில் பெட்டியைப் பார்த்துக் குதிக்கிறான். அவன் அம்மா அதை வாங்கித் திருப்பி, விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "நூத்தித் தொண்ணூத்தொம்பதா! பரவாயில்லையே மைனி" என்றார், எல்லார் முன்னாலும். கேலியா, நல்ல மனசா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

முத்துநகர்:
பரிசெல்லாம் ஒரு செலவா மேடம்? துணிதான் ஆளை முழுங்கும். கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜோடி, புது வருஷ ஆராதனைக்கு இன்னொன்று. வேலைக்கு வரும் அக்கா வரை எடுக்க வேண்டும். அப்புறம் கேக், மக்ரூன், கேரல் ரவுண்ட்ஸ் காணிக்கை. இதில் என் மகள் பிறந்தது டிசம்பர் 27. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃப்ராக் என்று முடிவு செய்தோம். ஜனவரியில் புதுக் காலண்டரைப் புரட்டினால் ஜூன் 27-ஐச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்ச்சில் வட்டம். "இனிமே என் பர்த்டே இங்கதான்ப்பா. அப்ப உங்ககிட்ட காசு இருக்கும்ல?" ஜூனில்தான் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறோம் என்று அவளிடம் யார் சொல்வது!

ஓய்வுபெற்ற கேஷியர்:
எங்கள் வீட்டிலும் பேரனுக்கு சைக்கிளா, கிரிக்கெட் பேட்டா என்று சண்டை வந்தது. அது கிடக்கட்டும். உங்கள் இருவருக்கும் சிக்கல் டிசம்பரில் இல்லை. போனஸ் தீபாவளிக்கு வருகிறது, பண்டிகைத் தள்ளுபடியில் கரைகிறது, கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் சம்பளத்தில் கை வைக்கிறீர்கள். நவம்பரிலேயே வங்கியில் ஒரு வருஷ ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை போடும் சேமிப்புக் கணக்கு, திறங்கள். மாதம் 1,000 போட்டால் அடுத்த நவம்பரில் 12,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். தபால் ஆபீஸ் ஆர்டி இதற்குச் சரிவராது, அது 5 வருஷக் கணக்கு. தெருவில் பிடிக்கிற பண்டிகைச் சீட்டு வேண்டவே வேண்டாம். துணியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடுங்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு மட்டும் டிசம்பரில். பிறந்தநாள்களை ஒரு தாளில் மாத வாரியாக எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள். டிசம்பர் குழந்தைக்குத் தனிக் கவர் போடுங்கள், அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

மூணாவது தங்கச்சி:
ஆர்டி யார் கேட்டார்கள் சார்? ஆடியில் எடுத்தால் அளவு மாறிவிடும் என்பது பெரியவர்களுக்கும் பொருந்தும், என் வீட்டுக்காரரே சாட்சி.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் சீட்டு எழுதிக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் பரிசு, 500-க்கு மேல் போகக் கூடாது என்று பேச்சு. அந்த விதியைக் கொண்டுவந்ததே பெரியண்ணன்தான். என் பெயர் அவருக்கு விழுந்தது. பெட்டிக்குள் ஒரு கிராம் தங்கக் காசு! பக்கத்தில் சின்ன அக்கா அவளுக்கு வந்த டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். காசை வாங்கிக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா? வாங்கிக்கொண்டேன்.

முத்துநகர்:
அண்ணன் ஆசையாகக் கொடுத்தால் வாங்காமல் என்ன? கேஷியர் சார், தனிக் கவர் நல்ல யோசனை. ஆனால் அதில் முதலில் கை வைக்கப்போவது எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர்தான்.

ஓய்வுபெற்ற கேஷியர்:
சிலிண்டருக்கு வேறு கவர் தம்பி. அதையும் சொல்கிறேன், கேளுங்கள்...