வீட்டில் சுகர் அதிகம், எச்பிஏ1சி மட்டும் குறைவு: என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

செங்கோட்டையிலிருந்து எழுதுறேன். அம்மாவுக்கு 61 வயசு. மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும். வீட்டு மீட்டரில் வெறும் வயிற்றில் 160க்குக் கீழே இறங்குவதே இல்லை, சாப்பிட்ட பின் 240 தாண்டுது. ஆனா எச்பிஏ1சி (சிவப்பணுவில் ஒட்டின சுகரை வச்சு ரெண்டு மூணு மாசச் சராசரி காட்டும் டெஸ்ட்) 6.1! அந்தக் கணக்குக்குச் சராசரி 128தான் வரணும்.

ஸ்ட்ரிப் மாத்தியாச்சு. லேப் ரத்தத்தோடு ஒப்பிட்டோம், மீட்டர் சரி. மலை தாண்டி புனலூரில் கொடுத்தும் 6.2.

ஹீமோகுளோபின் 8.7 இருந்ததால் மார்ச்சிலிருந்து இரும்பு மாத்திரை. சிவப்பணு ஆயுளே சுமார் 120 நாள். புதுசு நிறைய ஊறினா எச்பிஏ1சி குறைவாக் காட்டுமாம். டாக்டரோ "6.1 நல்லாத்தானே இருக்கு"ங்கிறார். அம்மாவும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

ரெண்டு மூணு வாரச் சராசரி காட்டும் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட், தென்காசி அல்லது புனலூர் பக்கம் எங்கே எடுக்கிறாங்க?