மறு: ரேமுக்குத் தமிழ்ச்சொல் – ‘நிகழ்நினைவு’

அன்பர்களுக்கு வணக்கம். கணினியும் கைப்பேசியும் அப்போது செய்துகொண்டிருக்கும் வேலையை வைத்துக்கொள்ளும் நினைவுதான் ரேம் (RAM, Random Access Memory). இப்போது அதைக் ‘குறிப்பிலா அணுகு நினைவகம்’ என்று எழுதுகிறோம். அதற்குப் பதிலாக ‘நிகழ்நினைவு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அதுபற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘குறிப்பிலா அணுகு நினைவகம்’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

அந்தச் சொல்லை வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தேன், யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்குக் கணினி சொல்லித்தருகிறேன். போன மாதம் தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் தம் கைப்பேசியை நீட்டினார். “தம்பி, மெமரி பத்தலைன்னு கடையில 64 ஜிபி கார்டு போட்டுவிட்டாங்க. காசு போனதுதான் மிச்சம், இன்னும் திணறுது.” திறந்து பார்த்தேன். படம் வைக்க இடம் ஏராளமாக இருந்தது. ரேம் 2 ஜிபிதான். வாட்ஸ்அப்பை விட்டுக் கேமராவுக்குப் போய்த் திரும்பினால், வாட்ஸ்அப் மறுபடி முதலிலிருந்து திறக்கிறது. குறை ரேமில், காசு போனது கார்டுக்கு. ஊரில் இரண்டுக்கும் பேர் மெமரி. நாமும் இரண்டையும் ‘நினைவகம்’ என்றே எழுதி, ஒன்றுக்கு மட்டும் நீளமாக ஓர் அடைமொழி ஒட்டியிருக்கிறோம்.

அந்த அடைமொழியும் காலாவதியானது. காந்தநாடாவில் ஒரு தகவலை எடுக்க நாடாவை அதுவரை ஓட்டியாக வேண்டும். ரேமிலோ எந்த முகவரிக்கும் நேராகப் போகலாம். அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் ஆங்கிலத்தில் ‘random access’ (குறிப்பிலா அணுகு) என்று பெயர் வைத்தார்கள். இன்று பென்டிரைவில்கூட எங்கே வேண்டுமானாலும் நேராகப் போய்ப் படிக்கலாம். ஜெர்மானியர்கள் ரேமை ‘வேலைச் சேமிப்பு’ என்ற பொருளிலும், பிரெஞ்சுக்காரர்கள் ‘உயிருள்ள நினைவு’ என்ற பொருளிலும் சொல்கிறார்கள். அந்தப் பொருள் செய்கிற வேலையைப் பார்த்து வைத்த பெயர்கள் அவை.

> அப்படியானால் ‘தற்காலிக நினைவகம்’ போதாதா?

முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. வகுப்பில் அதையே எழுதினேன். “தற்காலிகம்னா அழிச்சிடலாமா சார்?” என்று கேட்டார் ஒருவர். நிரல்கள் (புரோகிராம்கள்) எழுதிப்போடும் தற்காலிகக் கோப்புகளை அழிக்கச் சொல்லி அதற்கு முந்தைய வாரம்தான் காட்டியிருந்தேன். அதோடு இதையும் சேர்த்துக்கொண்டார். தவறு அவர்மேல் இல்லை.

ரேமின் இயல்பைக் காட்ட நான் செய்வது இதுதான். ஒவ்வொருவரையும் தம் பெயரையும் ஊரையும் தட்டச்சு செய்யச் சொல்வேன். சேமிக்க விடமாட்டேன். பிறகு மேசைக்கணினியின் மின்சாரத்தை நிறுத்துவேன். மறுபடி திறந்தால் ஒன்றும் இருக்காது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் (தகவலின் மிகச்சிறு துண்டு) ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். மின்சாரம் நின்றால் புதுப்பிப்பும் நின்றது, நினைவும் போனது. கணினி இந்தக் கணத்தில் எதைச் செய்துகொண்டிருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் ரேமில் இருக்கும்.

அதனால் நான் முன்வைப்பது நிகழ்நினைவு. நிகழ்காலம் என்ற சொல் எல்லார் வாயிலும் இருப்பதால் ‘நிகழ்’ என்றதுமே ‘இப்போது’ என்று புரிந்துவிடுகிறது. ‘அகம்’ வேண்டாம் என்று வேண்டுமென்றேதான் விட்டேன். சேமிப்புக்குச் ‘சேமிப்பகம்’ என்று வைத்துக்கொண்டால், ஒன்று நினைவு, மற்றது பொருள் வைக்கும் இடம் என்று காதிலேயே பிரிந்துவிடும். வன்பொருள், மென்பொருள் இரண்டும் நிலைத்ததற்கு அவை இணையாக வந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வல்லினம் மெல்லினம் படித்த பிள்ளைக்கு அவற்றை விளக்கவே வேண்டியதில்லை.

> நிகழ்நினைவு வினைத்தொகை. நிகழ்ந்த நினைவு என்றும் விரியுமே?

விரியும். இலக்கணப்படி நண்பர் சொல்வது சரி. ஆனால் சுடுசோறு என்றால் நேற்றுச் சுட்ட சோறு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வழக்கு ஒரு பொருளில் நிலைத்துவிடும். ‘நிகழ்நிரல்’ கூட்டத்தில் அடுத்து நடக்கப்போவதைத்தானே குறிக்கிறது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “இந்த மடிக்கணினியில் 8 ஜிபி நிகழ்நினைவு, 512 ஜிபி சேமிப்பகம்.” “நிகழ்நினைவு போதவில்லை, சில நிரல்களை மூடுங்கள்.” இரண்டும் எனக்கு உறுத்தவில்லை. தொடுதிரையில் இடம் குறைவாக இருந்தால் ‘ரேம்’ என்றே இருந்துவிட்டுப் போகட்டும். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

மெமரி கார்டை ‘நினைவக அட்டை’ என்று எழுதுவதை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். அதில் இருப்பது ஃபிளாஷ் சில்லு. மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் தகவலை வைத்திருக்கும், முழுக்க முழுக்கச் சேமிப்புச் சாதனம். ஆங்கிலத்தில் பெயர் குழம்பிக் கிடப்பதை நாமும் அப்படியே தமிழில் இறக்கியிருக்கிறோம். ‘சேமிப்பட்டை’ எனலாமா? வங்கிச் சேமிப்பு நினைவுக்கு வருமோ என்ற தயக்கம் எனக்கே இருக்கிறது. இலங்கை நண்பர்கள், குறிப்பாக ‘இறுவட்டு’ (சிடி) போன்ற சொற்களை அன்றாடம் புழங்குகிறவர்கள், அங்கே இதற்கு வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள்.

வரும் சனிக்கிழமை கரும்பலகையில் ‘நிகழ்நினைவு’ என்று எழுதி, தையற்கடை அக்காவையே முதலில் விளக்கச் சொல்லப்போகிறேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.

அன்புடன்.