போர்ஷே காரெரா ஆர்எஸ் 2.7: 960 கிலோவா, 1075 கிலோவா?

ஈரோடு எடைமேடை:
நேற்று இங்கே ஒருவர் எழுதுகிறார்: "1973 காரெரா ஆர்எஸ் மொத்தம் 1580 கார்கள், ஒவ்வொன்றும் 960 கிலோ." ஜெர்மன் போர்ஷே காரைப் பற்றித்தான். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவற்றில் 960 கிலோவுக்கு எடை குறைத்த ஸ்போர்ட் வகை வெறும் 200. சொகுசு சாமான்கள் போட்ட டூரிங் வகை 1308, அதன் எடை 1075 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டைக்கும் மேலே வித்தியாசம் இருக்கிறது ஐயா!

பீளமேடு லேத்:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று ஏன் மறைக்கிறீர்கள் அண்ணா? பந்தயத்தில் அனுமதி வாங்க 500 கார் செய்து காட்ட வேண்டியிருந்தது. அதற்காக ஒவ்வொரு காரையும் முதலில் வெற்று உடம்போடு எடை போட்டார்கள். தொழிற்சாலைக்குத் திரும்பிய பிறகுதான் டூரிங் சாமான்கள் ஏறின. எடை போட்டபோது எல்லாமே இலகு கார்தான்.

ஈரோடு எடைமேடை:
காலி லாரியை எடை போட்டுச் சீட்டு வாங்கிவிட்டு, மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு போனால் அந்தச் சீட்டு செல்லுமா? எங்கள் மேடையில் கிளீனர் ஓரமாக நின்றால்கூட அப்பா அவனை இறக்கிவிட்டுத்தான் சீட்டு அடிப்பார். வாங்கியவன் வீட்டு வாசலில் நின்ற காருக்கு என்ன எடை? 1075.

பொள்ளாச்சி வண்டி:
எடையை விடுங்கள். அந்தக் காரின் பெருமையே பின்மூடியில் மேலெழும்பி நிற்கும் தகடு, அந்த "வாத்து வால்"தான். வேகத்தில் பின்பக்கம் காற்றில் தூக்காமல் பிடித்துக்கொண்டது அதுதான். 2687 சிசி, 210 குதிரைத்திறன். இதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

ஈரோடு எடைமேடை:
வால் 1075 கிலோ காரிலும் இருந்தது தம்பி. எடைக்கு வாருங்கள்.

பீளமேடு லேத்:
எடையைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கரிவர்தன் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிய ஊர் எங்கள் கோவை. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். செட்டிப்பாளையத்தில் பந்தயத் தடமே இருக்கிறது. ஈரோட்டில் என்ன இருக்கிறது?

ஈரோடு எடைமேடை:
கரிவர்தனை நான் உங்களைவிட அதிகமாக மதிக்கிறேன். அவர் பெயரைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். ஈரோட்டில் தராசு இருக்கிறது, அது போதும்.

பல்லடம் தறி:
1973-இல் அமெரிக்காவில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார் இது. வென்றதா இல்லையா? கிலோ கணக்கு எதற்கு?

ஈரோடு எடைமேடை:
வென்றது ஆர்எஸ்ஆர். 2.8 லிட்டர் பந்தயக் கார். 1580-இல் அது 55 மட்டும், தனி வகை. தெரியாமல் நுழையாதீர்கள். ஸ்போர்ட் வகையைப் படத்திலாவது உற்றுப் பாருங்கள்: பின் இருக்கை கிடையாது, கதவைத் திறக்க ஒரு தோல் வார், முன்மூடியில் உலோகச் சின்னத்துக்குப் பதில் ஒட்டிய படம். ஒவ்வொரு கிராமையும் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுச் செய்த 200 காரையும் சொகுசு இருக்கை போட்ட 1308 காரையும் ஒரே எடையில் எழுதுவது அந்த வேலைக்காரர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

பீளமேடு லேத்:
போன மாதம் பிஸ்டன் விவாதத்திலும் "லேத்துக்காரனுக்கு எடை தெரியாது" என்றீர்கள். மறக்கவில்லை. அந்தக் கோபத்தைத்தான் இங்கே தீர்க்கிறீர்கள்.

ஈரோடு எடைமேடை:
அன்று சொன்னதும் சரி, இன்று சொல்வதும் சரி.

பொள்ளாச்சி வண்டி:
வாலைப் பற்றிக் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

பீளமேடு லேத்:
எடை போட்ட நாளில் இலகு. 1580-உம்.

ஈரோடு எடைமேடை:
சாலையில் 1075. இரவு மேடையைப் பூட்டிவிட்டு வருகிறேன், இன்னும் இருக்கிறது.