புதுப்பிப்பு: நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடிய புளோயர்

முன்பு கேட்டிருந்தது இதுதான்: ஏசி, ஹீட்டர் எதைப் போட்டாலும் காரில் புளோயர் (உள்ளே காற்றைத் தள்ளும் விசிறி) நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடும், மற்ற மூன்றிலும் அசைவே இல்லை. மோட்டாருக்குப் போகும் கரண்டைக் குறைத்து ஸ்பீடைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும் என்று பலரும் சொன்னீர்கள். அதேதான். நாலாவது ஸ்பீடில் கரண்ட் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போவதால் அது மட்டும் தப்பித்திருக்கிறது.

ஆனால் புது ரெசிஸ்டரை மாட்டிவிட்டு அதோடு விட மனம் வரவில்லை. ரெசிஸ்டர் சும்மா எரியாது. ரெசிஸ்டரில் வயர்கள் வந்து சேரும் கனெக்டரைக் கழற்றியபோது ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. கழற்றிய நிலையில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியது. மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு அளந்தால் அந்த ஒரு பின்னிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுகிறது! லோடு இல்லாமல், அதாவது மோட்டார் ஓடாதபோது, எடுக்கும் அளவை நம்பாதீர்கள்.

அப்புறம் மோட்டார். விசிறியைக் கையால் சுற்றிவிட்டால் சட்டென்று நின்றது. இறுகிய மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும். பின்னும் ரெசிஸ்டரும் சூடேறியது அதனால்தான். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரும் தூசியால் அடைத்து, காற்று குறைந்திருந்தது. ரெசிஸ்டரைக் குளிர்விப்பதே அந்தக் காற்றுதானே.

பெரிய ஃபியூஸ் போடச் சொன்ன நண்பருக்கு: தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

மோட்டார், ரெசிஸ்டர், கனெக்டர், ஃபில்டர் நான்கையும் மாற்றியாயிற்று. எல்லா ஸ்பீடும் வருகிறது, கனெக்டரும் சூடாவதில்லை.