கொடுத்த போர்வையை மறுபடி எங்கே பார்த்தீர்கள்?

ஊசிநூல் (கோவை)

தோழிக்குக் குழந்தை பிறந்தபோது ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துக் கொடுத்தேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் நால்வரும் அப்போது உடுத்திய பருத்திச் சுடிதார்கள்தான் துணி. ஐந்து அங்குலச் சதுரமாக 80 துண்டு. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலம் நிற்கும். அகலத்தில் எட்டு, நீளத்தில் பத்து என்று சேர்த்தால் 36-க்கு 45 அங்குலம். பச்சைப் பிள்ளைக்குப் போதும். கணக்கு எளிது, வெட்டுவதுதான் பாடு. ஒரு துண்டு நூலளவு பிசகினாலும் வரிசையின் கடைசியில் மூலைகள் ஒன்றோடொன்று சேராது. என்னுடையதில் மூன்று இடத்தில் அப்படி இருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன்.

அவளுடைய மெரூன் சுடிதாரை மட்டும் சேர்க்க முடியவில்லை. சாயம் விட்டுக்கொண்டே இருந்தது. கல் உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. கொடுத்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, "என் மெரூன் எங்கேடி?"

இரண்டு வருடம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். போர்வை எங்கே என்று கேட்டேன். பீரோவைத் திறந்தாள். மேல் தட்டில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், புடவைக்கடை ஜிப் கவருக்குள் இருந்தது. வெளியே எடுத்ததும் அந்துருண்டை வாசம். நான் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. "கெட்டுப் போயிடக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்கேன்டி" என்றாள். அவன் அதில் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன். அவள் மேல் குறை சொல்ல முடியாது, ஆனாலும் என்னமோ போல இருந்தது.

நீங்கள் தைத்துக் கொடுத்ததை மறுபடி எங்கே பார்த்தீர்கள்? எழுதுங்களேன்.

காடாத்துணி (திருப்பூர்)

நான் போர்வை பக்கம் போவதில்லை அக்கா, பைதான். எங்கள் ஊரில் பனியன் துணி வெட்டு எடைக்குக் கிடைக்கும். ஆனால் அது இழுபடும், பைக்கு ஆகாது. காடாத் துணியும் பழைய ஜீன்ஸும்தான் என் சரக்கு. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது இல்லையா, அந்தப் புத்தாண்டுக்கு என் தோழிகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பை.

முதல் ஈடு மானத்தை வாங்கியது. கைப்பிடியை வாய் ஓரத்தில் வைத்து இரண்டு ஓட்டு ஓட்டியிருந்தேன். ஒருத்தி மளிகைக் கடை வாசலிலிருந்து போன் செய்தாள்: அஞ்சு கிலோ அரிசி ரோட்டில். கைப்பிடி அறவில்லை, தையல் போட்ட இடத்தில் துணியே கிழிந்திருந்தது. இப்போது கைப்பிடியைப் பையின் உடம்பில் மூன்று அங்குலம் கீழே இறக்கி, சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போடுகிறேன். ஜீன்ஸ் ஆறு மடிப்பாகச் சேரும் இடத்தில் 14-ஆம் நம்பர் ஊசி பட்டென்று உடையும். 16 போட்டு, அந்த மேட்டில் மட்டும் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றித் தாண்ட வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பேருந்து நிலையத்தில் பூக்கார அம்மா ஒருவர் கையில் என் பை! ஜீன்ஸ் பாக்கெட்டை வெட்டாமல் வெளிப்பக்கம் விட்டிருந்தேன், சந்தேகமே இல்லை. கேட்டேன். "டீச்சரம்மா குடுத்தாங்க கண்ணு" என்றார். டீச்சரம்மா என் தோழி. சுர்ரென்று ஏறியது. பஸ் ஏறியதும் அவளுக்குப் போன் செய்ய எடுத்துவிட்டேன். அப்போதுதான் பையின் அடிப்பக்கம் கறுத்துப் போயிருந்தது நினைவுக்கு வந்தது. பூவில் தெளிக்கும் தண்ணீர் இறங்கி, காடா பூசணம் பிடித்திருந்தது. கோபம் போய் அந்தக் கவலை வந்துவிட்டது. அரிசிச் சாக்கை வெட்டி உள்ளே லைனிங்காகக் கொடுத்து, அடுத்த வாரம் வேறு பை கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். முழம் அளக்கும்போது கை கொஞ்சம் நீண்டது.

தோழியிடம் இன்றுவரை இதைப் பற்றிப் பேசவில்லை.

பாபின் (சேலம்)

நான் கொடுத்த பை எங்கெங்கோ சுற்றி ஒரு வளைகாப்பில் தாம்பூலத்தோடு என் கைக்கே வந்தது. உள்ளே ஒரு தேங்காய்.

பெடல் மிஷின் (சென்னை)

பணி ஓய்வுக்குப் பிறகு தையல் பழகிய ஆண் நான். இங்கே எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

அலுவலக நண்பருக்கு இரட்டைக் கட்டில் அளவில் போர்வை தைத்தேன். நாலு மாத வேலை. நடுவில் கடையில் வாங்கிய பாலியஸ்டர் பஞ்சு ஷீட். இணையத்தில் எல்லாரும் அதைத்தான் வைக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஊரில் பனி பெய்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து நண்பர் வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேஜை மேல் என் போர்வை நாலாக மடித்துக் கிடக்கிறது. அதன்மேல் இஸ்திரிப் பெட்டி. ஓரிடத்தில் பெட்டியின் மூக்கு வடிவத்திலேயே சூட்டுத் தழும்பு, உள்ளே பஞ்சு உருகிக் கட்டியாகியிருந்தது. நண்பர் ஓடி வந்து எடுக்கப் பார்த்தார். அவர் மனைவி வெளிப்படையாகவே சொன்னார்: "சார், மெத்துன்னு இருக்கு, இஸ்திரிக்கு இதை விட நல்லது கிடைக்கலை. மேல போத்துனா வேர்த்துக் கொட்டுது சார்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஏப்ரல் மாதச் சென்னையில் அதைப் போர்த்திக்கொள்ள யாருக்கு முடியும்? இப்போதெல்லாம் பஞ்சே வைப்பதில்லை. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பழைய வேட்டி, கீழே பழைய நூல்புடவை, அவ்வளவுதான். வங்காளத்துக் காந்தாவும் அப்படித்தானே! பஞ்சு கிடையாது. உடுத்தித் தேய்ந்த புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள், நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்து உருவிக்கொள்வது பழைய வழக்கம். துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. பஞ்சு வைத்ததை ஒரு முறை துவைத்துப் பாருங்கள், இரண்டு பேர் பிடித்துப் பிழிய வேண்டும்.

ஓட்டுத்தையல் (ஹூப்ளி)

கணவர் வேலைக்காக இங்கே வந்து ஒன்பது வருடம். இந்தப் பக்கம் பழந்துணிப் போர்வைக்குக் கௌதி என்று பெயர், வீட்டுக்கு வீடு இருக்கும். நான் எழுத வந்தது இன்னும் மேற்கே, ஹளியாள், எல்லாபுரா பக்கத்துச் சித்தி மக்களின் போர்வையைப் பற்றி. (நம் சின்னம்மா இல்லை. ஆப்பிரிக்க வழிவந்தவர்கள், பல தலைமுறையாக இங்கேயே வாழ்கிறவர்கள்.) வாசல் திண்ணையில் ஒரு பாட்டி தைத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அளவுகோலும் இல்லை, பென்சில் கோடும் இல்லை. ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றிக்கொண்டே போய் நடுவில் வந்து முடிக்கிறார். ஊசிநூல் அக்கா, உங்கள் மூலைக் கவலை அங்கே கிடையாது! எல்லாம் முடிந்தபிறகு நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூப்போல வைக்கிறார்கள். அதற்கு ஃபூலா என்று பெயர். அது இல்லாத போர்வை அம்மணமாக இருப்பது மாதிரியாம்.

அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், தஞ்சாவூர்த் தோழியின் குழந்தைக்குத் தைத்த போர்வையில் நான்கு ஃபூலா வைத்தேன், சிவப்பில். பெயர் வைக்கும் நாளில் போனபோது குழந்தை அதன்மேல்தான் படுத்திருந்தது, மனசு நிறைந்தது. குனிந்து பார்த்தால் மூலைகள் மொட்டை. தோழியின் மாமியார் பெருமையாகச் சொன்னார்: "மூலையில எல்லாம் துணி மிச்சம் தொங்கிட்டிருந்துச்சும்மா. அவசரத்துல விட்டுட்டே போலிருக்கு. பிளேடை வச்சு நானே பிரிச்சு எடுத்துட்டேன்."

என்ன சொல்ல? "ரொம்ப நன்றிம்மா" என்றேன்.

வாங்கியவள் (திருச்சி)

எனக்குத் தைக்கத் தெரியாது. வாங்கிக்கொண்ட பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. என் சிநேகிதி பழைய பட்டு ரவிக்கைத் துண்டுகளை இணைத்து ஒரு கைப்பை கொடுத்தாள். பீரோவில்தான் வைத்திருந்தேன். அலட்சியம் இல்லைங்க, பயம். பட்டு, எந்தத் தண்ணீரில் நனைக்கலாம், அழுக்கானால் அவளிடம் என்ன சொல்வது? ஒருநாள் அவளே வந்து, எடுத்துப் பார்த்து, அதற்குள் தன் சாவியையும் சில்லறையையும் கொட்டி என் தோளில் மாட்டி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். வழியில் நான் குடித்த கரும்புச்சாறு ஒரு சொட்டு விழுந்தது. "அப்பாடா, இனிமே பயமில்ல" என்று சிரித்தாள். அந்தக் கறை இன்னும் இருக்கிறது. தினமும் எடுத்துப்போகிறேன்.

ஊசிநூல் அக்கா, கொடுக்கும்போதே எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய தடை.

ஊசிநூல் (கோவை)

எல்லாவற்றையும் படித்துச் சிரித்தேன். சீட்டு யோசனை நல்லது, ஆனால் தொலைந்துவிடும். பின்பக்கத் துணியிலேயே தைத்துவிடப் போகிறேன்: "துவைக்கலாம், மிதிக்கலாம்."

அதே விடுதி அறையின் மூன்றாவது ஆளுக்கு வரும் மாதம் பிரசவம். இந்த முறை நடுவில் வேட்டி, பஞ்சு கிடையாது. மெரூன் சுடிதார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஆறு தண்ணீரில் அலசியாயிற்று, ஏழாவதில் சாயம் கொஞ்சம் மட்டுப்பட்டது போலத் தெரிகிறது. ஓட்டுத்தையல், ஃபூலாவுக்கு எத்தனை அங்குலச் சதுரம் வெட்டினீர்கள்?

ஓட்டுத்தையல் (ஹூப்ளி)

நாலு அங்குலம் அக்கா. குறுக்கே ஒரு மடிப்பு, அதற்கு மேல் இன்னொரு மடிப்பு. அந்த வீட்டில் மாமியார் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.