மலாய் பேசும் செட்டிகள்: மலாக்காவுக்கு எப்போது போகலாம்?

கயல், சிங்கப்பூர்:
ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைப் போன ஞாயிறு ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பெரனாக்கான் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். 1912இல் கட்டிய பழைய பள்ளிக்கூடம் அது. பதினொரு வருஷமாக அந்தப் பக்கம் போய் வருகிறேன், உள்ளே நுழைந்தது இதுதான் முதல் தடவை.

அம்மா பூத்தையல் போடுகிறவர். மணி கோத்த செருப்பு முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. காசுட் மானேக் என்கிறார்கள். கடுகைவிடப் பொடி மணிகள். ஒரு ரோஜா இதழுக்குள்ளேயே சிவப்பு மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டே போகிறது. "ஒண்ணொண்ணா ஊசியில எடுத்துத் தைச்சிருக்கா, கண்ணு என்னத்துக்கு ஆகும்" என்று கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். பக்கத்திலேயே நீலமும் வெள்ளையுமாக இன்னொரு வேலைப்பாடு. துக்கம் காக்கும்போது அந்த நிறங்கள்தானாம்.

பெரனாக்கான் என்றால் வெளியிலிருந்து வந்து இந்தப் பக்கத்துப் பெண்களைக் கட்டித் தங்கியவர்களின் வம்சம். அதில் சீனர்கள் மட்டும்தான், அதாவது பாபா என்கிற ஆண்களும் நோன்யா என்கிற பெண்களும்தான் என்று நினைத்திருந்தேன். அங்கே போய்த்தான் மலேசியாவின் மலாக்காவில் இருக்கும் செட்டி மலாக்கா மக்கள் பற்றித் தெரிந்தது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து, அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்ட நம் ஆட்களின் வம்சம். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது சாரோங் கெபாயா என்கிற மலாய்க் கைலியும் மேல்சட்டையும், கும்பிடுவது மாரியம்மனை. அம்மாவுக்கு அவர்களை நேரில் பார்க்க வேண்டுமாம். எப்போது போவது நல்லது? வெளியாட்கள் போகலாமா?

இளவேனில், மலாக்கா:
தாராளமாக வாருங்கள். காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்று கேட்டால் காட்டுவார்கள். சின்னதாக ஓர் அருங்காட்சியகமும் உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் 'பார்ச்சு' என்று வாழை இலையில் முன்னோருக்குப் படைப்பார்கள். அது வீட்டுக்குள் நடக்கும் காரியம், யாராவது அழைத்தால் மட்டும் போங்கள். ஏப்ரல், மே வாக்கில் மாரியம்மன் திருவிழா வரும். அதற்கு யாரும் போகலாம். அதை 'டத்தோ சாச்சார்' என்பார்கள். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். மொழி போயும் அம்மன் எதற்குக் காவல் என்பது மறக்கவில்லை பாருங்கள்! அப்படியே 1781இல் இவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலையும் பார்த்துவிடுங்கள். ஒரே தெருவில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருக்கின்றன.

மீனா, சிங்கப்பூர்:
கயல், நான் அந்த மணித் தையல் கற்றுக்கொள்கிறேன். பிடாங்கான் என்ற மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு தைக்க வேண்டும். மணி ஒன்று இடம் மாறினாலும் பூ கோணிவிடும், பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு ஜோடிக்கு எனக்கு நாலு மாதம் ஆனது. அம்மாவை வீட்டுக்கு அழைத்து வாங்க, சட்டத்திலேயே உட்கார்ந்து நாலு மணி தைத்துப் பார்க்கட்டும்.

கயல்:
மீனா அக்கா, சனிக்கிழமை வருகிறோம். மணிப்பெட்டியை மறைத்து வையுங்கள், பார்த்தால் எழுந்திருக்க மாட்டார்.

இளவேனில் அண்ணா, ரொம்ப நன்றி. டத்தோ சாச்சார் விஷயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவருடைய தங்கை சின்ன வயதில் அம்மை போட்டுத்தான் போனார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்க வேப்பிலை கிடைக்குமா, நாம கொண்டு போகணுமா?"